நிலைக்காந்தங்களின் தர ஆய்வும் பொதியிடலும்

நிலைக்காந்தங்களின் தர ஆய்வும் பொதியிடலும் என்பது, தொழிற்சாலையில் செய்து முடிக்கப்பட்ட காந்தம் வாங்குபவரிடம் சென்று சேரும் முன் கடக்கும் இறுதிக் கட்டப் பணிகளைக் குறிக்கும். அளவு, தோற்றம், முலாம், காந்தப் பண்பு ஆகியவற்றைச் சோதித்தல், காந்தமாக்கல், துருவம் குறித்தல், காந்தங்கள் ஒன்றோடொன்று மோதாமலும் காந்தப்புலம் வெளியே கசியாமலும் கட்டுதல் ஆகியவை இதில் அடங்கும். தொழிற்சாலைகளில் இக்கடைசிப் பணியைப் பேக்கிங் என்றே சொல்கிறார்கள். காந்தங்களில் பல வகைகள் உண்டு. இன்று மின்மோட்டார், ஒலிபெருக்கி, காற்றாலை, மின்வாகனம் என எங்கும் பயன்படும் நியோடிமியம் காந்தத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

ஒரு திருகாணியின் குறையைப் பெரும்பாலும் கண்ணாலும் அளவுகோலாலும் கண்டுபிடித்துவிடலாம். காந்தத்தின் முக்கியமான குறையோ வெளியே தெரியாது. நல்ல காந்தமும் தரம் குறைந்த காந்தமும் ஒரே எடையில், ஒரே பளபளப்பில், இரும்பை ஒரே மாதிரி இழுத்துக்கொண்டு மேசைமேல் இருக்கும். மோட்டாருக்குள் சென்று சூடேறிய பிறகே வேறுபாடு வெளிப்படும்.

பொருளும் தரக் குறியீடும்

நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் 2:14:1 என்ற அணு விகிதத்தில் சேர்ந்த சேர்மமே இக்காந்தத்தின் அடிப்படை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிட்டோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸ் நிறுவனத்தில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். உலோகக் கலவையை நுண்பொடியாக்கி, காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, 1000 °செ.க்கு மேல் சூடாக்கித் துகள்களைப் பிணைக்கிறார்கள். பிறகு வேண்டிய வடிவில் வெட்டி, சாணை பிடித்து, முலாம் பூசுகிறார்கள். இதற்கு வேண்டிய நியோடிமியம் ஓர் அருமண் தனிமம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் கனிமத்திலும் இது உண்டு. ஆயினும் உலகில் செய்யப்படும் இவ்வகைக் காந்தங்களில் மிகப் பெரும்பங்கு சீனாவிலிருந்தே வருகிறது.

சந்தையில் இக்காந்தங்களுக்கு என்35, என்42, என்52 போன்ற தரப் பெயர்கள் உள்ளன. எண் என்பது பெரும ஆற்றல் பெருக்கத்தைக் குறிக்கும். என்42 என்றால் 42 மெகா காஸ்-ஓர்ஸ்டெட், அதாவது கன மீட்டருக்குச் சுமார் 334 கிலோஜூல். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து, காந்தம் தாங்கும் வெப்பத்தைச் சொல்லும். எழுத்து இல்லையென்றால் சுமார் 80 °செ., எம் என்றால் 100, எச் என்றால் 120, எஸ்எச் என்றால் 150, யூஎச் என்றால் 180, ஈஎச் என்றால் 200 °செ. வாங்குவோரில் பலர் எண்ணை மட்டும் பார்த்து எழுத்தை விட்டுவிடுகிறார்கள். தர ஆய்வாளருக்கு அதிக வேலை வைப்பது அந்த எழுத்துதான்.

அளவும் தோற்றமும்

அளவு பார்க்கும் வேலை பெரும்பாலும் காந்தமாக்கலுக்கு முன்பே முடிந்துவிடும். காந்தமாகிவிட்ட துண்டில் இரும்புத்தூள் ஒட்டிக்கொள்ளும். எஃகால் ஆன வெர்னியர் காலிப்பரும் திருகு அளவியும் அதில் ஒட்டிக்கொண்டு, கை நடுங்கினால் விளிம்பை உடைத்துவிடும். காந்தமான பிறகும் அளக்க வேண்டியிருந்தால் பீங்கான் அல்லது நெகிழி முனை கொண்ட அளவிகளைப் பயன்படுத்த வேண்டும். முலாமின் தடிமன் சேர்ந்த அளவா, சேராத அளவா என்பதை வரைபடத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இரு பக்கமும் சேர்த்து 30 அல்லது 40 மைக்ரான் கூடினால், இறுக்கமான இடத்தில் காந்தம் நுழையாது.

துகள்களைப் பிணைத்துச் செய்த காந்தம் உலோகம் போலத் தோன்றினாலும் பீங்கான் போல நொறுங்கும் இயல்புடையது. எனவே விளிம்புச் சில்லு, மூலைச் சில்லு, மயிரிழை விரிசல் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். எவ்வளவு பெரிய சில்லு வரை ஏற்கலாம் என்பதைச் சொற்களால் மட்டும் எழுதிவைத்தால் சண்டைதான் வரும். ஆகவே 'இதுவரை ஏற்கலாம், இதற்கு மேல் கூடாது' என்று விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்ட எல்லை மாதிரிகளை ஆய்வு மேசையில் வைத்திருப்பது வழக்கம்.

முலாம்

நியோடிமியம் காந்தத்தின் பெரும் பகைவன் ஈரம். துகள்களுக்கு இடையே உள்ள நியோடிமியம் மிகுந்த பகுதி ஈரத்தோடு எளிதில் வினைபுரியும். அங்கு அரிப்பு தொடங்கினால் துகள்கள் பிடிப்பை இழந்து, காந்தம் சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்துவிடும். இதைத் தடுக்க நிக்கல்-செம்பு-நிக்கல் என மூன்று அடுக்காகவோ, துத்தநாகமாகவோ, எப்பாக்சிப் பூச்சாகவோ மேற்பூச்சு தருகிறார்கள்.

முலாமின் தடிமனைக் காந்தத்தைச் சேதப்படுத்தாமல் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி கொண்டு அளக்கலாம். அதன் உறுதியை அறியவோ சில காந்தங்களைப் பலிகொடுத்தே ஆக வேண்டும். உப்புத் தெளிப்புச் சோதனையில் 35 °செ. வெப்பமுள்ள பெட்டிக்குள் 5 விழுக்காடு உப்புக் கரைசலைப் பனிபோலத் தொடர்ந்து தெளிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் குறித்த மணிநேரம் வரை துருப்புள்ளி தோன்றக் கூடாது. மற்றொன்று பிரஷர் குக்கர் சோதனை. பெயர் வேடிக்கையாக இருந்தாலும் செய்வது அதேதான்: சுமார் 120 °செ. வெப்பம், 2 வளிமண்டல அழுத்தம், நிறைந்த நீராவி. பூச்சிட்ட காந்தத்தில் முலாம் கொப்பளிக்கிறதா என்று பார்ப்பார்கள். பூச்சிடாத காந்தத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் எடை குறைந்தது என்று கணக்கிடுவார்கள். ஊசிமுனை அளவு துளை ஒன்று முலாமில் இருந்தாலும் இச்சோதனையில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

காந்தப் பண்பை அளத்தல்

இதற்கு மூன்று கருவிகள் பயன்படுகின்றன. ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. ஒன்றின் அளவீட்டை மற்றொன்றின் அளவீடாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பமே வருகிறது.

முதலாவது காஸ் மீட்டர். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த ஹால் விளைவின்படி இயங்குவது. அதன் மெல்லிய முனையைக் காந்தத்தின் பரப்பில் வைத்தால் அந்த இடத்திலுள்ள பாய அடர்த்தியைக் காட்டும். கையாள எளிது, விலையும் குறைவு. ஆனால் அது காட்டும் எண் காந்தத்தின் தரத்தை மட்டுமல்லாமல் வடிவத்தையும் சார்ந்தது. 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் கொண்ட என்52 வில்லையின் நடுப்பரப்பில் சுமார் 0.14 டெஸ்லாதான் இருக்கும். அதே விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள என்35 வில்லையில் சுமார் 0.42 டெஸ்லா இருக்கும். பரப்பு அளவீட்டை மட்டும் பார்த்தால் தரம் குறைந்ததே மும்மடங்கு சிறந்தது என்று தோன்றும். எனவே ஒரே அளவும் வடிவமும் உள்ள காந்தங்களை ஒப்பிடும்போதே காஸ் மீட்டருக்குப் பொருள் உண்டு. முனை பரப்பிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினாலும் எண் மாறிவிடும் என்பதால், முனையை ஒரே இடத்தில் பிடித்துவைக்கும் தாங்கி தேவை.

இரண்டாவது ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளும் பாயமானியும். ஒரே அளவுள்ள இரண்டு வட்டச் சுருள்களை, அவற்றின் ஆரத்துக்குச் சமமான இடைவெளியில் ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தியிருப்பார்கள். நடுவில் காந்தத்தை வைத்து வெளியே எடுத்தாலோ அரைச் சுற்று சுழற்றினாலோ சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். பாயமானி அதைத் தொகுத்துக் காந்தத்தின் மொத்தத் திருப்புத்திறனைத் தரும். நடுப்பகுதியில் சீரான புலம் இருப்பதால் காந்தத்தைச் சற்றே தள்ளி வைத்தாலும் அளவீடு அதிகம் மாறாது. ஒரு காந்தத்துக்குச் சில நொடிகளே ஆகும் என்பதால் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சோதிக்க இதுவே ஏற்றது.

மூன்றாவது, தயக்கக் கண்ணி வரையும் கருவி. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நாம் படிக்கும் காந்தத் தயக்கக் கண்ணி இங்கே உண்மையான வேலை செய்கிறது. மாதிரியை வலிமைமிக்க மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே இறுக்கி, எதிர்ப்புலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்த இடத்தில் அது காந்தத்தன்மையை இழக்கிறது என்று வரைகிறார்கள். காந்தத் தேக்குத்திறன், காந்த நீக்குத்திறன், ஆற்றல் பெருக்கம் ஆகிய மூன்றும் இந்த வளைகோட்டிலிருந்து கிடைக்கும். மாதிரியைச் சூடாக்கியும் வரையலாம்.

முன்னே சொன்ன எழுத்தின் முக்கியத்துவம் இங்கேதான் புரியும். வெறும் என்42, 42எஸ்எச் என இரண்டு காந்தங்களை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பத்தில் இரண்டின் தேக்குத்திறனும் ஏறத்தாழ ஒன்றே. காஸ் மீட்டரும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளும் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டமாட்டா. காந்த நீக்குத்திறனோ முதலாவதில் குறைந்தது 12 கிலோ ஓர்ஸ்டெட், இரண்டாவதில் குறைந்தது 20 கிலோ ஓர்ஸ்டெட். வெப்பம் ஒரு பாகை கூடும்போது தேக்குத்திறன் சுமார் 0.12 விழுக்காடுதான் குறையும், நீக்குத்திறனோ 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை குறையும். மோட்டார் 120 °செ. வரை சூடேறினால் அறை வெப்பத்தைவிட 100 பாகை கூடிவிடுகிறது. அப்போது 12 என்பது 5 அல்லது 6 ஆகச் சுருங்கிவிடும். 20 என்பது 8 முதல் 10 வரை நிற்கும். மோட்டாரின் சுருள் உண்டாக்கும் எதிர்ப்புலம் முதலாவது காந்தத்தின் வலிமையில் ஒரு பகுதியை நிரந்தரமாக அழித்துவிடக்கூடும். ஆறிய பின்னும் அது திரும்பி வராது.

இரண்டின் விலையும் ஒன்றல்ல. நீக்குத்திறனைக் கூட்ட வழக்கமாக டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் என்னும் அரிய தனிமங்களைச் சேர்ப்பார்கள். அவை நியோடிமியத்தைவிடப் பலமடங்கு விலை உயர்ந்தவை. 2025 ஏப்ரலில் சீன அரசு இவ்விரண்டையும் சேர்த்து ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகனத் தொழிற்சாலைகளும் தவித்தன. சரக்கு அரிதாகும் காலத்தில் எழுத்தை மாற்றி விற்கும் ஆசை கூடும். ஆகவே வாங்குபவர் வெறும் சான்றிதழை மட்டும் வாங்காமல், அந்தத் தொகுதி எண்ணுக்குரிய வளைகோட்டையும், உயர் வெப்பத்தில் வரையப்பட்டதாகக் கேட்டுப் பெற வேண்டும். அக்கருவி இல்லாதவர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். காந்தத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளில் அளந்து, குறித்த வெப்பத்தில் சில மணிநேரம் அடுப்பில் வைத்து, நன்றாக ஆறிய பின் மீண்டும் அளந்தால் நிரந்தர இழப்பு எத்தனை விழுக்காடு என்று தெரிந்துவிடும். ஆறுவதற்கு முன் அளப்பது பலரும் செய்யும் தவறு.

பெரைட் காந்தத்தில் இது தலைகீழ். அதன் நீக்குத்திறன் குளிரில்தான் குறையும். எனவே குளிர்நாடுகளுக்குப் போகும் பெரைட் காந்தங்களை உறைநிலைக்குக் கீழே சோதிக்கிறார்கள்.

விளையாட்டுப் பொருள்களுக்கான காந்தம்

ஒரே ஓர் இடத்தில் மட்டும் காந்தம் வலிமையாக இருப்பதே குறையாகக் கருதப்படுகிறது. குழந்தைகள் சிறு காந்தங்களை விழுங்கிவிடுவதுண்டு. இரண்டு காந்தங்கள் வெவ்வேறு நேரத்தில் உள்ளே போனால், குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நடுவில் அகப்பட்ட குடற்சுவர் இரத்த ஓட்டமின்றி அழுகித் துளைபடும். அறுவை மருத்துவம் தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

இதைத் தடுக்கப் பாயக் குறியீடு என்னும் அளவு வகுக்கப்பட்டுள்ளது. பரப்பின் பாய அடர்த்தியைக் கிலோகாஸில் எடுத்து, அதன் வர்க்கத்தைத் துருவப் பரப்பால் (சதுர மி.மீ.) பெருக்க வேண்டும். விழுங்கக்கூடிய அளவுள்ள காந்தத்துக்கு இது 50க்குள் இருக்க வேண்டும். 5 மி.மீ. விட்டமுள்ள நியோடிமியம் வில்லையில் 3 கிலோகாஸ் இருந்தால் 9 × 19.6, அதாவது சுமார் 176 வரும், கூடாது. 10 மி.மீ. விட்டமுள்ள பெரைட் வில்லையில் 0.7 கிலோகாஸ் இருந்தால் சுமார் 38; ஏற்கலாம். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்குத் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கடையில் முத்திரையில்லாத காந்த மணிகளைப் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கித்தரும் தாத்தா பாட்டிகள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

மாதிரி எடுத்தல்

அழித்துப் பார்க்கும் சோதனைகளை எல்லாக் காந்தங்களுக்கும் செய்ய முடியாது. அளவுப் பார்வையையும் பல இடங்களில் மாதிரிகளைக் கொண்டே முடிக்கிறார்கள். இதற்கான அட்டவணைகள் ஐ.எஸ்.ஓ. 2859-1 தரநிலையிலும், அதன் இந்திய வடிவமான ஐ.எஸ். 2500 தரநிலையிலும் உள்ளன. 2,000 காந்தங்கள் கொண்ட தொகுதியில் வழக்கமான இரண்டாம் ஆய்வு நிலையில் 125 எடுக்க வேண்டும். ஏற்புத்தர எல்லை 1 விழுக்காடு எனில் 3 வரை குறை இருந்தால் தொகுதியை ஏற்கலாம்; 4 ஆனால் திருப்ப வேண்டும்.

மாணவர்கள் இதை நிகழ்தகவுப் பாடத்தோடு இணைத்துப் பார்க்கலாம். தொகுதியில் உண்மையில் 1 விழுக்காடு குறை இருந்தால் அது தேர்ச்சி பெற நூற்றில் 96 வாய்ப்பு. 5 விழுக்காடு குறை இருந்தாலும் ஏறத்தாழ எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு! மாதிரி ஆய்வு தேறியது என்றால் குறையே இல்லை என்று பொருளல்ல. அதனால்தான் காந்த வலிமை போன்ற முக்கியப் பண்பை மாதிரியோடு விடாமல் ஒவ்வொரு காந்தத்திலும் சோதிக்க முயல்கிறார்கள்.

காந்தமாக்கலும் துருவக் குறியும்

பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டத்தைச் சேமித்து, சுருள் வழியே சில மில்லி நொடிகளில் பாய்ச்சுவதால் 3 டெஸ்லாவும் அதற்கு மேலும் உள்ள புலம் கிடைக்கும். புலம் போதாவிட்டால் காந்தம் முழுமையாக நிறைவடையாது. நல்ல பொருளும் தரமற்றதாகத் தோன்றும். பிறகு வடதுருவப் பக்கத்தில் மைப்புள்ளி அல்லது லேசர் குறி இடுகிறார்கள். மோட்டாருக்குச் செல்லும் பெரிய காந்தங்களைக் காந்தமாக்காமலே அனுப்பி, பொருத்திய பின் காந்தமாக்குவதும் உண்டு. அப்படியானால் பொதியிடல் சாதாரணச் சரக்கைக் கட்டுவது போலத்தான்.

பொதியிடல்

காந்தமாக்கியபின் கைபடும் இடம் பேக்கிங் மேசை. 50 × 50 × 25 மி.மீ. நியோடிமியம் கட்டி ஒன்று தடித்த இரும்புப் பரப்பில் ஒட்டினால் ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு ஈடான விசையோடு பற்றும். இரண்டு கட்டிகளுக்கு நடுவே விரல் மாட்டினால் எலும்பு நொறுங்கும். மோதும் வேகத்தில் காந்தம் உடைந்து சில்லுகள் கண்ணில் தெறிக்கும். எனவே மேசை மரத்தாலோ நெகிழியாலோ ஆனதாக இருக்கும்; கருவிகள் பித்தளையாக இருக்கும்; கண்ணாடி அணிவது கட்டாயம். இதயமுடுக்கி பொருத்தியவர்களை இப்பகுதிக்குள் விடுவதில்லை.

காந்தங்களுக்கு இடையே நெகிழி அல்லது அட்டைத் தடுப்புகளை வைத்து அடுக்குகிறார்கள். தடுப்பு இருந்தால்தான் வாங்கியவர் பிரித்தெடுக்க முடியும், முலாமும் கீறாது. ஒவ்வொரு வரிசையையும் பக்கத்து வரிசைக்கு எதிர்த்திசையில் துருவம் அமையும்படி வைக்கிறார்கள். ஒரு வரிசையின் புலத்தை அடுத்த வரிசையின் புலம் பெரும்பாலும் நீக்கிவிடுவதால் பெட்டிக்கு வெளியே மிகக் குறைவாகவே கசியும். தனிக் காந்தத்தின் புலம் தொலைவின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். எதிரெதிராக வைத்த இணையின் புலம் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில், அதாவது இன்னும் விரைவாகக் குறையும். ஈரம் புகாத பையும் சிலிகா ஜெல்லும் சேர்த்து, சுற்றிலும் நுரைத்தட்டு வைத்து, அதற்கு வெளியே மெல்லிய இரும்புத் தகட்டுப் பெட்டி அமைக்கிறார்கள். காந்தப் பாயம் காற்றைவிட இரும்பின் வழியே எளிதாகச் செல்லும் என்பதால் தகடு அதைத் தனக்குள்ளேயே சுற்றவிடுகிறது.

இந்தத் தத்துவம் புதிதல்ல. பள்ளி ஆய்வகத்தில் சட்டக் காந்தங்களை இரண்டிரண்டாக, எதிர்த் துருவங்கள் அருகருகே இருக்கும்படி மரப்பெட்டியில் வைத்து, இரு முனையிலும் தேனிரும்புத் துண்டுகளை ஒட்டி வைப்போம். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் அந்த இரும்புத் துண்டுகள் எப்போதோ தொலைந்துபோயிருந்தன. காந்தங்களை ஒரு டப்பாவில் கொட்டி வைத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அவை ஓர் ஊசியைக்கூடத் தூக்காத நிலைக்கு வந்துவிட்டன. பழைய எஃகு, அல்நிக்கோ காந்தங்களின் நீக்குத்திறன் மிகக் குறைவு என்பதே காரணம். நியோடிமியம் காந்தம் அப்படி எளிதில் கெடாது.

வான்வழி அனுப்பும் விதி

விமானத்தின் திசைகாட்டியைக் காந்தச் சரக்கு திருப்பிவிடக்கூடும் என்பதால் பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கம் தனி விதி வகுத்துள்ளது. பொதியின் பரப்பிலிருந்து 2.1 மீட்டர் தொலைவில் வைத்த திசைகாட்டி 2 பாகைக்கு மேல் திரும்பினால் அது 'காந்தமாக்கப்பட்ட பொருள்' எனப்படும். ஐ.நா. எண் 2807, ஒன்பதாம் வகுப்பு ஆபத்துச் சரக்கு. அதே விலகல் 4.6 மீட்டர் தொலைவிலும் 2 பாகையைத் தாண்டினால் வழக்கமான முறையில் விமானத்தில் ஏற்ற முடியாது. 2 பாகைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் புல வலிமை மீட்டருக்கு 0.418 ஆம்பியர், அதாவது 0.00525 காஸ். நம் பகுதியில் புவியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ், அதில் ஏறத்தாழ எழுபத்தாறில் ஒரு பங்குதான் இது.

இவ்வளவு சிறிய புலத்தை அளக்கும்போது அளக்கும் இடமே ஏமாற்றிவிடும். அருகில் இரும்பு அலமாரியோ, தரையில் கம்பி வலையோ, வாசலில் மோட்டார் சைக்கிளோ இருந்தால் எண் தவறாகும். எனவே திறந்த இடத்தில், முதலில் பொதி இல்லாமல் புவிப்புலத்தைச் சுழியாக்கிக்கொண்டு, பின் பொதியை வைத்து மெல்ல முழுச் சுற்று சுழற்றி மிகப் பெரிய அளவீட்டைக் குறிக்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் இன்னொரு தகடு சேர்ப்பார்கள், வரிசைகளை மாற்றி அடுக்குவார்கள், அல்லது பெட்டியைப் பெரிதாக்கிக் காந்தங்களை நடுவே தள்ளுவார்கள். 2.1 மீட்டரிலிருந்து 4.6 மீட்டருக்குச் செல்லும்போது தனிக் காந்தத்தின் புலம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும் என்பதை மூன்றாம் படி விதியால் சரிபார்க்கலாம்.

பொதியின் மேல் தொகுதி எண், தரம், எண்ணிக்கை, ஆய்வு நாள் ஆகியவற்றை எழுதி, தேவையெனில் குதிரைலாடக் காந்தப் படம் உள்ள நீலநிற ஒட்டியையும் ஒட்டுகிறார்கள். பொதியைத் திறப்பவருக்கான குறிப்பு உள்ளேயே இருக்கும்: காந்தங்களை நேராகப் பிடித்து இழுக்காமல் மேசை விளிம்பில் வைத்துப் பக்கவாட்டில் நகர்த்திப் பிரிக்க வேண்டும், எடுத்ததைக் குறைந்தது ஒரு கை நீளம் தள்ளி வைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.